மெய்நிகர் ஃபயர்வாலில் இணையம் மந்தமானால்: மடை மடையாக அளந்து பழுதைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி ஜங்ஷனைச் சுற்றியும் உள்ள சிறிய அலுவலகங்களில் இப்போது ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. இணையத்துக்கும் உள் வலையமைப்புக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வாலுக்கென்று தனிப் பெட்டி வாங்காமல், நான்கு நெட்வொர்க் போர்ட்டுகள் கொண்ட மினி கணினி ஒன்றை வாங்கி, ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸை அதில் நிறுவி, அதற்குள் ஓபிஎன்சென்ஸ் அல்லது பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை மெய்நிகர் இயந்திரமாக ஓடவிடுகிறார்கள். மீதமிருக்கும் இடத்தில் கணக்கு மென்பொருளின் சர்வரும் கேமராப் பதிவும் குடியேறிவிடும். சிக்கனமான ஏற்பாடுதான், நானே பல இடங்களில் இப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வேகம் குறையும் நாளில்தான் இதன் விலை தெரியும். தனிப் பெட்டியில் ஒரு பாக்கெட், அதாவது தரவின் சிறு பொட்டலம், ஒரு போர்ட்டில் நுழைந்து மற்றொரு போர்ட்டில் வெளியேறும். மெய்நிகர் அமைப்பில் அதே பாக்கெட் உண்மையான போர்ட்டுக்கு வந்து, ஹோஸ்டின், அதாவது பிராக்ஸ்மாக்ஸ் ஓடும் பெட்டியின், இயங்குதள மையமான கெர்னல் வழியே, மென்பொருள் சுவிட்சான பிரிட்ஜைத் தாண்டி, மெய்நிகர் கார்டின் வரிசையில் நின்று, ஃபயர்வாலின் விதிகளைக் கடந்து, பிறகு இன்னொரு மெய்நிகர் கார்டு, இன்னொரு பிரிட்ஜ், இன்னொரு போர்ட் என்று வெளியேற வேண்டும். இந்த வழியில் எந்த இடத்திலும் அடைப்பு ஏற்படலாம்.

தாமிரபரணிக் கால்வாய்களில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால், விவரம் தெரிந்தவர்கள் அணைக்கட்டின் ஷட்டரைத் திருகிக்கொண்டிருக்க மாட்டார்கள். கரையோடு நடந்து, எந்த மடை வரைக்கும் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, எந்த மடைக்குப் பிறகு குறைகிறது என்று பார்ப்பார்கள். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது. அமைப்புகளை மாற்றுவது பாதி வழிக்குப் பிறகுதான் வரும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது எரிச்சலூட்டலாம்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் நடந்ததை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே 300 எம்பிபிஎஸ் இணைப்பு. அலுவலகத்தை நடத்துகிற அண்ணாச்சி என்னை அழைத்துச் சொன்னது இதுதான்: “போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு தம்பி, இப்பம் கரண்டு பில்லு கட்டக்கூட பக்கம் தெறக்க மாட்டேங்கு.” எனக்கு முன்னால் வந்து பார்த்தவர், வேகத்தைக் கூட்டும் என்று எங்கோ படித்த டியூனபிள்களை, அதாவது உள்நுணுக்க அமைப்பு மதிப்புகளை, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவிட்டுப் போயிருந்தார். எதை எப்போது மாற்றினார் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

புகாரை எழுதிக்கொள்ளுதல்

‘நெட் ஸ்லோ’ என்ற இரண்டு சொற்களுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பக்கம் திறக்கத் தொடங்குவதற்கே நேரமாகிறதா, திறந்த பிறகு இறங்குவதற்கு நேரமாகிறதா என்பதை முதலில் கேளுங்கள். முன்னது பெரும்பாலும் பெயர்த் தேடலில், அதாவது டிஎன்எஸ்-இல் உள்ள தாமதம். பின்னது பாதையின் அகலம் பற்றியது. எல்லாத் தளங்களுமா, சில தளங்கள் மட்டுமா என்று கேளுங்கள். சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றுவிடுகின்றன என்றால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பற்றிய பிரச்சினையாக இருக்க வாய்ப்புண்டு. இணையம் நன்றாக இருந்து உள்ளேயிருக்கும் சர்வர் மட்டும் இழுக்கிறதா, நாள் முழுவதுமா, பிற்பகலில் மட்டுமா என்பனவும் முக்கியம். வண்ணாரப்பேட்டையில் எல்லாத் தளங்களும் சீராக மந்தம். அதோடு அதே பெட்டிக்குள் இருந்த கணக்கு சர்வரின் இணைய வேலைகள் கிட்டத்தட்ட செத்தே போயிருந்தன. இவை இரண்டும் ஒரே பழுதின் இரண்டு முகங்கள் என்று நான் முதலில் நினைத்தது தவறு.

அளப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஃபயர்வாலின் அமைப்புக் கோப்பைத் தரவிறக்கி, அந்தப் பெட்டிக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (தேவைப்பட்டால் திரும்பிவரக்கூடிய நிலைப் பதிவு) எடுங்கள். தனிப் பெட்டியில் கிடைக்காத இந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது அநியாயம். ஒரு காகிதத்தில் நேரம், செய்த மாற்றம், கிடைத்த அளவு என்று மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். காகிதம்தான் வேண்டும், வலையமைப்பு அறுந்து கிடக்கும்போது கூகுள் ஷீட் திறக்காது.

கிகாபிட் போர்ட் உள்ள இரண்டு மடிக்கணினிகளும், நல்ல கேபிள்கள் இரண்டும் தேவை. இரு கணினிகளுக்கு இடையிலான வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 இரண்டிலும் நிறுவியிருக்க வேண்டும். வைஃபை மூலம் எந்த அளவையும் எடுக்காதீர்கள். சுவர், தூரம், பக்கத்துக் கடையின் ரவுட்டர் என எல்லாமே வைஃபை எண்ணில் கலந்துவிடும். அப்படி எடுத்த அளவால் ஃபயர்வாலைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

அலகையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். தரவிறக்க மென்பொருள் மெகாபைட்டில் காட்டுவதையும் திட்டத்தின் மெகாபிட்டையும் ஒப்பிட்டுச் சண்டைக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

முதல் மடை: ஒளியிழை வந்து முடியும் இடம்

அலுவலக நேரம் முடிந்த பிறகு, ஃபயர்வாலை முற்றிலும் விலக்கிவிட்டு, ஒளியிழை இணைப்பு முடியும் ஓஎன்டி பெட்டியிலிருந்து நேராக மடிக்கணினிக்குக் கேபிளைச் செருகுங்கள். இணைப்பு பிபிபிஓஇ வகை என்றால் அதே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மடிக்கணினியில் கொடுத்து இணையுங்கள். வேக சோதனையை மூன்று முறை செய்து எழுதிக்கொள்ளுங்கள். இங்கேயே வேகம் குறைவு என்றால் உங்கள் வேலை முடிந்தது. இனி சேவை தருபவரிடம் பேச வேண்டியதுதான். மாதத் தரவு வரம்பு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கணக்குப் பக்கத்தில் பாருங்கள். அதைப் பார்க்காமல் ஃபயர்வாலை மறுநிறுவல் செய்த கதை ஒன்று எனக்கே உண்டு.

வண்ணாரப்பேட்டையில் இந்த இடத்தில் 290-க்கு மேல் வந்தது. ஆகவே மேல்மடை சரி.

இரண்டாம் மடை: கேபிளும் போர்ட்டும்

இப்போது ஃபயர்வாலைப் பழையபடி இணைத்து, உள் வலையமைப்பிலிருந்து அளந்து பாருங்கள். வரும் எண்ணைக் கூர்ந்து கவனியுங்கள், ஏனென்றால் அந்த எண்ணே பல சமயம் பழுதின் பெயரைச் சொல்லிவிடும். ஈதர்நெட்டில் 1500 பைட் அளவுள்ள ஒரு பாக்கெட்டில் பயனுள்ள தரவு வழக்கமாக 1448 பைட். தலைப்புகளும் இடைவெளியும் சேர்த்துக் கம்பியில் அது பிடிக்கும் இடம் 1538 பைட். விகிதம் சுமார் 94 சதவீதம். எனவே கிகாபிட் கம்பியில் ஐபெர்ஃப்3 காட்டக்கூடிய உச்சம் ஏறத்தாழ 941 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் கம்பியில் 94. உங்கள் அளவு எத்தனை முறை எடுத்தாலும் 93, 94 என்று அசையாமல் நின்றால், எங்கோ ஒரு போர்ட் கிகாபிட்டுக்குப் பதிலாக 100-இல் உடன்பாடு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய முனைகளில் வரும் இரண்டு ஜோடிகள் போதும். ஆகவே மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு அறுவதில்லை, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். யாருக்கும் சந்தேகம் வராத பழுது இது. ஹோஸ்டின் முனையத்தில் ஈத்டூல் கட்டளையை ஒவ்வொரு உண்மையான போர்ட்டுக்கும் கொடுத்து, வேகம், டூப்ளக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் தரவு போகிறதா என்பது) இரண்டையும் பாருங்கள்.

இதை ஃபயர்வாலின் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் மெய்நிகர் அமைப்பின் குறும்பு. விர்ட்ஐஓ என்ற வகை மெய்நிகர் கார்டு, இந்த ஃபயர்வால்களின் இயங்குதளமான ஃபிரீபிஎஸ்டிக்குள் 10 கிகாபிட், முழு டூப்ளக்ஸ் என்று எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். அது வெறும் பெயர்ப்பலகை. அடியில் இருக்கும் உண்மையான போர்ட்டின் நிலையை அது சொல்வதில்லை. எனக்கு முன் வந்தவர் அந்தப் பலகையை நம்பித்தான் கேபிளைத் தொடாமலே விட்டிருந்தார். மேசையை நகர்த்தியபோது வெளிக் கேபிளின் நுனி மடங்கி ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. நுனியை வெட்டிப் புதிய இணைப்பானைக் கிரிம்ப் செய்ததும் அலுவலகக் கணினிகளுக்கு 280-க்கு மேல் வந்துவிட்டது. ஆனால் கணக்கு சர்வர் அப்படியே கிடந்தது.

பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு மெய்நிகர் கார்டுக்கும் ரேட் லிமிட் என்றொரு கட்டம் இருப்பதையும் இந்த இடத்தில் பார்த்துவிடுங்கள். அதன் அலகு நொடிக்கு மெகாபைட். யாரோ ஒருவர் சோதனைக்காக 12 என்று போட்டு மறந்திருந்தாலும் எண் 100-க்கு அருகில் நின்று, கேபிள் பழுதைப் போலவே வேடம் போடும்.

மூன்றாம் மடை: ஹோஸ்ட்

ஹோஸ்டிலேயே ஐபெர்ஃப்3-ஐ சர்வர் நிலையில் ஓடவிட்டு, உள் வலையமைப்பில் இருக்கும் மடிக்கணினியிலிருந்து அதன் மேலாண்மை முகவரிக்குச் சோதனை செய்யுங்கள். இரு திசையிலும் 930-க்கு மேல் வந்தால் சுவிட்ச், கேபிள், உண்மையான போர்ட், பிரிட்ஜ் ஆகிய நான்கும் ஒரே அடியில் குற்றமற்றவை ஆகிவிடும். மறுமுயற்சிகளைக் காட்டும் பத்தியையும் பாருங்கள்: ஒரே கட்டடத்துக்குள் அது பூஜ்யமோ அதற்கு மிக அருகிலோ இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் ஏறுகிறது என்றால் பாக்கெட்டுகள் வழியில் விழுகின்றன.

நான்காம் மடை: ஃபயர்வாலின் ஊடாக

பலரும் தவறும் இடம் இது. ஐபெர்ஃப்3-ஐ ஃபயர்வாலுக்குள்ளேயே நிறுவி அளக்கிறார்கள். ஃபயர்வாலின் வேலை பாக்கெட்டைக் கடத்திவிடுவது. அதையே முனையாக வைத்து அளந்தால், அந்தச் சிறிய இயந்திரத்தின் டிசிபி (தரவு பத்திரமாகச் சேர்வதை உறுதி செய்யும் முறை) திறனையும் ஐபெர்ஃப்பின் சுமையையும் சேர்த்து அளக்கிறீர்கள். உண்மையான திறனைவிடக் குறைவான எண் வரும். அதைப் பார்த்துப் பயந்து இல்லாத நோய்க்கு மருந்து தேடுவீர்கள்.

சரியான முறை இது. வெளிப் போர்ட்டில் இருந்து இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மடிக்கணினியைச் செருகுங்கள். வெளி இடைமுகத்துக்குத் தற்காலிகமாக ஒரு நிலையான முகவரியையும் மடிக்கணினிக்கு அதே வரிசையில் இன்னொன்றையும் கொடுங்கள். வெளி இடைமுகத்தில் தனியார் முகவரிகளைத் தடுக்கும் விதி இருந்தால் சோதனை முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள். உள்பக்கம் இரண்டாவது மடிக்கணினி. இப்போது உள்ளிருந்து வெளியே, பிறகு திசையைத் திருப்பி, முதலில் ஒரே ஓட்டமாகவும் (ஒரே தரவு இணைப்பாகவும்) பிறகு நான்கு இணை ஓட்டங்களாகவும் அளந்து நான்கு எண்களை எழுதுங்கள். இணையச் சேவையின் ஏற்ற இறக்கம் எதுவும் கலக்காத, உங்கள் பெட்டியின் சொந்தத் திறன் இந்த நான்கு எண்கள்தான்.

நான்கும் 900-ஐத் தாண்டினால் ஃபயர்வாலில் பழுதில்லை. பிபிபிஓஇ பகுதிக்குச் செல்லுங்கள். ஓர் ஓட்டம் மந்தம், நான்கு ஓட்டங்கள் வேகம் என்றால், ஒவ்வோர் ஓட்டமும் சிபியுவின் ஒரே கோரில் மாட்டிக்கொள்கிறது. எல்லாமே மந்தம் என்றால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

மெய்நிகர் கார்டின் வகை

பிராக்ஸ்மாக்ஸின் வன்பொருள் பக்கத்தில் கார்டின் மாதிரி இ1000 என்று இருந்தால் அதை விர்ட்ஐஓ என்று மாற்றுங்கள். இ1000 என்பது பழைய இன்டெல் கார்டு ஒன்றைப் போல நடிக்கும் மென்பொருள். விருந்தினர் இயந்திரம் அந்தப் பொய்க் கார்டின் பதிவேட்டைத் தொடும்போதெல்லாம் ஹோஸ்ட் குறுக்கிட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கிகாபிட் வேகத்தில் முழு அளவு பாக்கெட்டுகள் நொடிக்கு 81,000-க்கு மேல் வரும். மிகச் சிறிய 64 பைட் பாக்கெட்டுகள் என்றால் 14.88 லட்சம் வரை வரலாம். அத்தனைக்கும் நடித்துக்கொண்டிருக்க முடியாது. விர்ட்ஐஓவில் இரு தரப்பும் தாங்கள் மெய்நிகர் உலகில் இருப்பதை அறிந்து, பகிர்ந்த நினைவகத்தின் வழியே கொத்துக் கொத்தாகக் கொடுத்து வாங்குகின்றன. கார்டை மாற்றினால் ஃபிரீபிஎஸ்டிக்குள் இடைமுகத்தின் பெயரும் மாறிவிடும் என்பதால், உள், வெளி இடைமுகங்களைக் கன்சோலில் இருந்து மறுபடியும் ஒதுக்கத் தயாராக இருங்கள். விஎம்வேரில் இதற்கு இணையானது விஎம்எக்ஸ்நெட்3.

அதே பக்கத்தில் கார்டுக்கு ஃபயர்வால் என்றொரு டிக் இருக்கும். இது பிராக்ஸ்மாக்ஸின் சொந்த ஃபயர்வாலுக்கானது. இதனால் வழியில் இன்னொரு சிறிய பிரிட்ஜ் நுழைகிறது. ஃபயர்வாலுக்கு முன்னால் இன்னொரு ஃபயர்வால் வேண்டியதில்லை, எடுத்துவிடுங்கள்.

செக்சம் ஆஃப்லோடிங்: வண்ணாரப்பேட்டையின் இரண்டாவது பழுது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அனுபவத்தில் மெய்நிகர் ஃபயர்வால்களில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான்.

ஒவ்வொரு டிசிபி பாக்கெட்டிலும் அதன் உள்ளடக்கம் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்க ஒரு செக்சம் எண் இருக்கும். அந்தக் கணக்கைப் போடும் வேலையை இயங்குதளங்கள் நெட்வொர்க் கார்டின் தலையில் கட்டிவிடும். இதுதான் ஆஃப்லோடிங். உண்மையான கார்டு என்றால் பாக்கெட் கம்பியில் ஏறும் நேரத்தில் அது கணக்கை முடித்துவிடும். ஒரே பெட்டிக்குள் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் பேசிக்கொள்ளும்போதோ கம்பி என்பதே இல்லை. அனுப்புபவர் ‘பிறகு யாராவது கணக்கை முடித்துக்கொள்ளட்டும்’ என்று பாதியில் விட்ட பாக்கெட்டை, பிரிட்ஜ் அப்படியே ஃபயர்வாலிடம் கொடுக்கிறது. ஃபயர்வால் முகவரியை மாற்றி வெளியே தள்ளும்போது செக்சம் தவறான பாக்கெட்டாக அது போய்ச் சேர்கிறது. பெறுபவர் குப்பையில் போடுகிறார்.

இதன் அறிகுறிகள் தெளிவானவை. பிங் (சிறு கேள்வி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் அழகாகப் பதில் வரும். டிசிபி மட்டும் தவழும் அல்லது நின்றுவிடும். கேபிளில் வரும் மடிக்கணினிகள் வேகமாக இருக்கும். அதே பெட்டிக்குள் இருக்கும் சர்வர் மட்டும் திணறும். கணக்கு சர்வரின் நிலை எழுத்துக்கு எழுத்து இதுவே.

பிஎஃப்சென்ஸில் சிஸ்டம் மெனுவில் அட்வான்ஸ்டு, அதற்குள் நெட்வொர்க்கிங் பக்கத்தில், வன்பொருள் செக்சம் ஆஃப்லோடிங்கை முடக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். ஓபிஎன்சென்ஸில் இன்டர்ஃபேசஸ் மெனுவின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் சிஆர்சி என்ற பெயரில் இது இருக்கும். மாற்றிய பின் ஃபயர்வாலை மறுதொடக்கம் செய்யுங்கள். அந்த அலுவலகத்தில் நான் அமைத்தபோது இது முடக்கப்பட்டுத்தான் இருந்தது. வன்பொருள் உதவி இருந்தால் வேகம் கூடும் என்று நம்பியவர் அதைத் திரும்ப இயக்கிவிட்டிருந்தார். முதல் பழுது மேசையால் வந்தது. இரண்டாவது, முதல் பழுதைத் தேடியதால் வந்தது.

அதே பக்கத்தில் உள்ள டிஎஸ்ஓ (பெரிய தரவைப் பாக்கெட்டுகளாக வெட்டும் வேலையைக் கார்டிடம் விடுவது), எல்ஆர்ஓ இரண்டும் முடக்கத்திலேயே இருக்க வேண்டும். எல்ஆர்ஓ வந்துசேரும் பல பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டிப் பெரிதாக்கும். தகவல் அங்கேயே முடிகிறது என்றால் அது நல்லது. கடத்திவிட வேண்டிய ரவுட்டரிலோ, ஒட்டிய மூட்டை அடுத்த கம்பியின் அளவுக்குள் நுழையாது. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் ஜிஆர்ஓ, வெளியேறும்போது முறைப்படி பிரித்தனுப்பும் ஏற்பாட்டோடு வருவதால், ஹோஸ்டில் அதை முடக்கத் தேவையில்லை. விண்டோஸ் சர்வர் 2019-இன் ஹைப்பர்-வி-யில் மெய்நிகர் சுவிட்சுக்குள் ஆர்எஸ்சி என்ற பெயரில் இதே ஒட்டுவேலை நடக்கும். அங்கே மெய்நிகர் ரவுட்டர் மந்தமானால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள்.

சிபியு: சராசரி எண் மறைப்பது

ஃபயர்வாலின் முகப்புத் திரையில் சிபியு 25 சதவீதம் என்று காட்டினால் நிம்மதியடையாதீர்கள். நான்கு கோர்களில் ஒன்று முழுதாக மூச்சுத் திணறி, மற்ற மூன்றும் சும்மா இருந்தாலும் சராசரி 25-தான். சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே டாப் கட்டளையில் ஒவ்வொரு கோரையும் ஒவ்வொரு நிரல் இழையையும் (த்ரெட்) தனித்தனியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஹோஸ்டிலும் டாப்பைத் திறந்து, மெய்நிகர் கார்டுக்குப் பாக்கெட்டுகளைக் கொண்டுசேர்க்கும், விஹோஸ்ட் என்று தொடங்கும் இழை ஏதேனும் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால் அடைப்பு ஃபயர்வாலுக்குள் இல்லை, அதன் வாசலில் இருக்கிறது.

அதற்கு மல்டிக்யூ, அதாவது ஒரு கார்டுக்குப் பல வரிசைகள், உதவலாம். மெய்நிகர் கார்டின் அமைப்பில் வரிசைகளின் எண்ணிக்கையை ஃபயர்வாலுக்குக் கொடுத்த கோர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக வையுங்கள். ஃபயர்வாலை உள்ளிருந்து மறுதொடக்கம் செய்தால் இது நடைமுறைக்கு வராது. இயந்திரத்தை முழுவதும் நிறுத்தித் தொடங்க வேண்டும். ஏஎல்டிக்யூ என்ற போக்குவரத்துப் பங்கீட்டு வசதி சேர்த்துக் கட்டப்பட்ட ஃபிரீபிஎஸ்டி கெர்னல்களில் விர்ட்ஐஓ டிரைவர் நெடுங்காலமாக ஒரே வரிசையோடுதான் இயங்கி வந்திருக்கிறது என்பதால், மாற்றியும் பலன் தெரியாவிட்டால் வியப்படைய வேண்டாம்.

கோர்களை அள்ளிக் கொடுப்பதும் தீர்வல்ல. நான்கு கோர் உள்ள பெட்டியில் மூன்று இயந்திரங்களுக்குத் தலா நான்கு என்று கொடுத்தால், ஃபயர்வால் தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் கூடி, வேகத்தைவிட முதலில் தாமதம் கெடும். ஃபயர்வாலுக்கு இரண்டு கோர், ஹோஸ்டின் சிபியு பகிர்வில் அதற்கு மற்றவற்றைவிட உயர்ந்த மதிப்பு, நினைவகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் பலூனிங் முடக்கம் என்பதே என் வழக்கம். விபிஎன் (இணையத்தின் ஊடே குறியாக்கம் செய்த தனிப் பாதை) பயன்படுத்துபவர்கள் சிபியு வகையையும் பார்க்க வேண்டும். பழைய இயந்திரங்களில் அது கேவிஎம்64 என்று இருக்கும். குறியாக்கத்துக்கு உதவும் ஏஇஎஸ் கட்டளைகள் அதில் ஃபயர்வாலுக்குத் தெரியாது. ஹோஸ்ட் என்று மாற்றினால் ஓபன்விபிஎன், ஐபிசெக் இரண்டுக்கும் மூச்சு வரும்.

சூரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்டறிதல் ஓடினால், அதை நிறுத்திவிட்டு அதே நான்கு எண்களை மறுபடி எடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், உங்கள் சிறிய பெட்டியால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. விதித் தொகுப்புகளைக் குறையுங்கள்.

போர்ட்டையே நேராகக் கொடுக்கலாமா

விடி-டி வசதி உள்ள பெட்டிகளில் உண்மையான போர்ட்டைப் பிரிட்ஜ் இல்லாமல் ஃபயர்வாலிடம் ஒப்படைக்கலாம். இன்டெல் போர்ட் என்றால் நன்மை உண்டு. ரியல்டெக் என்றால் நான் செய்ய மாட்டேன்: ஃபிரீபிஎஸ்டியில் ரியல்டெக் டிரைவரின் பெயர் நல்லதல்ல, லினக்ஸ் அதைச் சமாளித்து, ஃபயர்வாலுக்கு விர்ட்ஐஓ முகத்தை மட்டும் காட்டுவது மெய்நிகர் அமைப்பினால் கிடைக்கும் லாபம். மேலாண்மைக்கு ஒரு போர்ட்டைப் பிரிட்ஜில் கட்டாயம் விட்டுவையுங்கள்.

பிபிபிஓஇ, எம்டியூ

நான்காம் மடையின் சோதனையில் 900-க்கு மேல் வந்து, இணையத்தில் மட்டும் குறைகிறது என்றால் பிபிபிஓஇ-ஐச் சந்தேகியுங்கள். கார்டுகள் பாக்கெட்டின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் கோர்களுக்குப் பங்கிடும்; பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் முகவரி அவற்றுக்குத் தெரிவதில்லை. எனவே வரும் எல்லாமே ஒரே வரிசைக்கு, ஒரே கோருக்குப் போகும். டியூனபிள்களில் நெட் டாட் ஐஎஸ்ஆர் டாட் டிஸ்பேட்ச் என்பதற்கு டிஃபெர்டு என்ற மதிப்பைக் கொடுத்தால், வேலை மற்றக் கோர்களுக்கும் பகிரப்படும். 2025-இல் வந்த பிஎஃப்சென்ஸ் 2.8-இல் கெர்னலுக்குள்ளேயே இயங்கும் புதிய பிபிபிஓஇ டிரைவர் சேர்க்கப்பட்டது. சாதாரணச் சிறு பெட்டிகளுக்கு அது பெரிய ஆறுதல். 300 எம்பிபிஎஸ் வரையிலான இணைப்புகளில் இந்தப் பிரச்சினை அரிதாகவே தலைகாட்டும்.

பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் எம்டியூ 1492 ஆகிறது. விண்டோஸில் துண்டாக்கத் தடை விதித்து 1464 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்போடு அது 1492. அது போய், 1465 போகவில்லை என்றால் எல்லாம் சரி. 1464-உம் போகவில்லை என்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, போகும் எண்ணோடு 28-ஐக் கூட்டி, அதை எம்டியூவாக வையுங்கள். ‘பாதுகாப்பு’ என்று ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் செல்லும் முறை) முழுவதையும் தடுத்திருந்தால் உடனே அதைத் தளர்த்துங்கள். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று சொல்லும் செய்தியும் அதில்தான் வருகிறது.

வேகம் உண்டு, ஆனால் இழுக்கிறது

மாதத்தின் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி படிவத் தாக்கலுக்குக் கடைசி நாளில், எல்லோரும் ஒரே நேரத்தில் கோப்புகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, அண்ணாச்சியின் காணொளி அழைப்பு மட்டும் உறைந்து நிற்கும். வேக சோதனை நன்றாக இருக்கும். பிங்கை ஓடவிட்டபடியே ஒரு பெரிய கோப்பை ஏற்றுங்கள். 10 மில்லிநொடி 300 ஆகிறது என்றால், பாக்கெட்டுகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கின்றன. ஃபயர்வாலின் டிராஃபிக் ஷேப்பரில் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்க்யூ-கோடல் முறையைத் தேர்ந்து, ஏற்ற, இறக்க வேகங்களை நீங்கள் முதல் மடையில் அளந்த எண்ணில் 90 சதவீதமாக வையுங்கள். திட்டத்தின் விளம்பர எண்ணை வைத்தால் வரிசை சேவை தருபவரின் பெட்டியிலேயே சேரும். உங்கள் ஷேப்பருக்கு வேலை இருக்காது.

பிற்பகல் மந்தம்

அந்த அலுவலகத்திலிருந்து மே மாதத்தில் மறுபடி அழைப்பு வந்தது. காலையில் நன்றாக இருக்கிறது, இரண்டு மணிக்குமேல் இழுக்கிறது. நான்கு எண்களையும் காலையிலும் மதியத்திலும் எடுத்தேன். மதியத்தில் மட்டும் அவை பாதியாகச் சரிந்தன. ஹோஸ்டில் வெப்பநிலையைப் பார்த்தால் சிபியு 95 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காத்துக்கொள்ளக் கடிகார வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. விசிறி இல்லாத அந்தப் பெட்டி, மூடிய மர அலமாரிக்குள், இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் உட்கார்ந்திருந்தது. வெளியே கத்திரி வெயில். எந்த டியூனபிளாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

பெட்டியை வெளியே எடுத்து, முதுகுத் துடுப்புகளில் படிந்த தூசியைத் தட்டி, காற்றாடும் பக்கச் சுவரில் ஒரு தாங்கி அடித்து மாட்டினோம். மறுநாள் மதியம் அளந்தபோது 70 டிகிரிக்குக் கீழே இருந்தது. நான்கு எண்களும் காலையில் எடுத்தவையே. அந்தச் சுவரில் அதுவரை தொங்கிய காலண்டரை அண்ணாச்சி எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொண்டார்.